தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிய வேண்டாம்! டிராக்டர் சூடேறினால் முதலில் எங்கே பார்ப்பது?

புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பகுதியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதம் இது. கோடை உழவு தொடங்கும்போது இதே கேள்வியோடு பலரும் தவிப்பதால், கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் முடிக்காமல் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

''ஐயா, எனக்கு மூன்று ஏக்கர் கொல்லை. கடன் வாங்கி, பழைய 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று வாங்கினேன். என் உழவு போக, வாடகைக்கும் ஓட்டுகிறேன். தவணை கட்டுவது அந்த வாடகையில்தான். போன சித்திரையில் கடலை பிடுங்கிய கொல்லையில் ரோட்டாவேட்டர் போட்டபோது, சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. மெக்கானிக் தம்பி, 'அண்ணே, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டா சூடே ஏறாது' என்று கழற்றிவிட்டார். அதன் பிறகு டிரெய்லர் இழுத்தால் முள் எழும்புவதே இல்லை. ஆனால், மதியத்தில் ரோட்டாவேட்டர் போட்டால் இப்போதும் முள் மேலேதான் போகிறது. காலையில் வெள்ளைப் புகை வருகிறது. டீசலும் கூடுதலாகக் குடிப்பதுபோல் தெரிகிறது. தண்ணீர் குறைந்தால் போர் தண்ணீர்தான் ஊற்றுவேன். இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், '71 டிகிரியில் திறக்கும் கூல் தெர்மோஸ்டாட் வந்திருக்கு, அதைப் போடுங்க' என்கிறார்கள். என் வண்டிப் புத்தகத்தில் 82 டிகிரி என்று இருக்கிறது. 71 போடலாமா?''

வேண்டாம். உங்கள் வண்டிக்குப் புத்தகம் சொல்லும் 82 டிகிரி தெர்மோஸ்டாட்டையே வாங்கி மாட்டுங்கள். உங்கள் வண்டியைச் சூடேற்றுவது தெர்மோஸ்டாட் இல்லை. அதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தெர்மோஸ்டாட்டே இல்லாதபோதும் ரோட்டாவேட்டர் வேலையில் முள் மேலே போகிறது என்றால், குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான். அவனைப் பிடிக்காமல் 71 போட்டாலும், 60 போட்டாலும் பலன் ஒன்றுதான்.

மடையும் வாய்க்காலும்

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டிலிருந்து மேல் ஹோஸ் பைப் கிளம்பும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் சிறிய வால்வு. அதன் வயிற்றில் செம்பு அல்லது பித்தளைக் குப்பி ஒன்று உண்டு. குப்பிக்குள் இருப்பது மெழுகு. சூடு ஏறும்போது மெழுகு உருகி விரியும்; ஒரு கம்பியைத் தள்ளும்; வால்வு திறக்கும். சூடு குறைந்தால் மெழுகு சுருங்கும். ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். மின்சாரமும் இல்லை, வயரும் இல்லை.

அதன் மேல் தட்டிலோ, குப்பியிலோ ஓர் எண் குத்தியிருக்கும். டிராக்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் 71 முதல் 88 வரை ஏதாவது ஓர் எண்ணாக இருக்கும். அது வால்வு திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. 82 என்றால் 82 டிகிரி செல்சியஸில் மெல்லத் திறக்கத் தொடங்கி, ஏறக்குறைய 95 டிகிரியில் முழுதாகத் திறந்திருக்கும்.

பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான். தெர்மோஸ்டாட், எஞ்சின் 'இதற்குக் கீழே குளிர்ந்துவிடக் கூடாது' என்று காவல் காக்கிறது. 'இதற்கு மேலே சூடேறக் கூடாது' என்று காப்பது அதன் வேலை இல்லை. அது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பாடி ஆகிய மூன்றின் வேலை.

நம் மாவட்டத்தில் கண்மாய் தெரியாதவர் இல்லை. கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடை முழுதாகத் திறந்திருக்கிறது. ஆனால் கீழே வாய்க்கால் மண் மேவிக் கிடக்கிறது. தண்ணீர் வயலுக்குப் போகாது. இதற்கு, 'மடையை இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறப்போம்' என்பது தீர்வாகுமா? வாய்க்காலைத்தான் தூர்வார வேண்டும். 71 டிகிரி தெர்மோஸ்டாட், முன்னதாகத் திறக்கும் மடை. முழுதாகத் திறந்த பிறகு 71-க்கும் 82-க்கும் வித்தியாசம் இல்லை; இரண்டும் ஒரே அளவு துவாரம்தான். பாரமான வேலையில் எஞ்சின் 95 டிகிரியைத் தாண்டும்போது இரண்டுமே முழுதாகத் திறந்துதான் இருக்கும்.

கோடையில் மட்டும் ஏன் சூடேறுகிறது?

எரிக்கும் டீசலின் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியை வெளியேற்ற வேண்டியது ரேடியேட்டர்.

ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளும் என்பது, உள்ளே ஓடும் தண்ணீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, மார்கழிக் காலைக் காற்று 22 டிகிரி என்றால் வித்தியாசம் 68. அக்னி நட்சத்திர மதியத்தில் காற்று 40 டிகிரி என்றால் வித்தியாசம் 50. அதாவது, அதே ரேடியேட்டர் கோடையில் நான்கில் ஒரு பங்கு குறைவாகத்தான் சூட்டை வெளியேற்றும். மார்கழியில் கொஞ்சம் அடைபட்ட ரேடியேட்டர்கூடச் சமாளித்துவிடும். சித்திரையில் அதன் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்போது பழி தெர்மோஸ்டாட் மேல் விழுகிறது.

குளிர்ந்த எஞ்சினும் நோயாளிதான்

'சூடு குறைந்தால் எஞ்சினுக்கு நல்லதுதானே' என்று தோன்றும். இல்லை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறோம். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல்தான் காலையில் வெள்ளைப் புகையாக வருகிறது. எஞ்சின் சூடாகும்வரை இது எல்லா வண்டியிலும் கொஞ்சம் இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் எஞ்சின் சூடாகவே நேரம் பிடிப்பதால், நீண்ட நேரம் நீடிக்கும்.

எரியாத டீசலில் ஒரு பகுதி பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி, எஞ்சின் ஆயிலில் கலக்கிறது, ஆயில் நீர்த்துப்போகிறது. டீசல் எரியும்போது உண்டாகும் நீராவியும், குளிர்ந்த லைனர் சுவரில் வியர்வைபோல் படிகிறது. எரிபொருளில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து அது அமிலமாகி லைனரை அரிக்கும். 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கப்படும் பி.எஸ்-6 டீசலில் கந்தகம் மிகவும் குறைவு என்பதால், அமில அரிப்பு முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனால், ஆயில் நீர்ப்பதும், ஈரம் படிவதும், ஆயில் கசடாக மாறுவதும் அப்படியேதான் இருக்கின்றன.

இவை ஒரே நாளில் தெரியாது. இரண்டு, மூன்று பருவம் கழித்து, 'ஆயில் குடிக்குது, இழுவை இல்லை' என்று பட்டறைக்குப் போனால், 'ரிங் போயிடுச்சு, லைனர் தேஞ்சுடுச்சு, எஞ்சின் இறக்கணும்' என்பார்கள். தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்ப் பொருள். எஞ்சின் வேலை பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. வாடகை ஓட்டித் தவணை கட்டுபவருக்கு, உழவுப் பருவத்தில் வண்டி பட்டறையில் நிற்கும் நாட்கள் அதைவிடப் பெரிய இழப்பு.

கழற்றினால் சூடு கூடவும் செய்யும்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் பாதையை மூடிவைத்திருக்கும். அப்போது தண்ணீர் 'பைபாஸ்' என்ற சிறு வழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சில எஞ்சின்களின் தெர்மோஸ்டாட்டில் அடிப்பக்கம் இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கத் திறக்க, இந்த அடித்தட்டு இறங்கி பைபாஸ் வழியை அடைக்கும். தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகும்.

இந்த வகைத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால், பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பவும் எஞ்சினுக்குள் ஓடும். லேசான வேலையில் எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிரும். பாரமான வேலையில் அளவுக்கு மீறிச் சூடேறும். டிரெய்லர் இழுக்கும்போது முள் எழும்பாமல், ரோட்டாவேட்டர் போடும்போது மேலே போகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு, இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எப்போது சூடேறுகிறது என்று கவனியுங்கள்

மெக்கானிக்கிடம் போகும் முன் இதைக் கவனித்து வைத்தால், பாதி நோய் பிடிபட்டுவிடும்.

வண்டி எடுத்த கால் மணி நேரத்துக்குள், லேசான வேலையிலேயே முள் சிவப்புக்குப் போகிறது. எஞ்சின் சூடாக இருக்க, மேல் ஹோஸும் ரேடியேட்டரும் குளிர்ந்தே இருக்கின்றன. இது தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டதன் அடையாளம். தண்ணீர் குறைவு, வாட்டர் பாடி பழுது ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

பாரமான வேலையில், மதிய வெயிலில் மட்டும் மெல்ல மெல்ல ஏறுகிறது. ரேடியேட்டரின் வெளியே தூசி, உள்ளே உப்பு, அல்லது தளர்ந்த ஃபேன் பெல்ட். உங்கள் வண்டி இந்த வகை.

எவ்வளவு ஓட்டினாலும் முள் பச்சைக்கே வரவில்லை. தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. மீட்டரோ, சென்சாரோ பழுதாகவும் இருக்கலாம்.

ரேடியேட்டர் தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறது, அல்லது எஞ்சின் ஆயில் பால் கலந்த காபிபோல் இருக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாமல் உடனே பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்

*ரேடியேட்டர் வெளிப்பக்கம்:* கடலைக் கொல்லைப் புழுதி, நெல் அறுவடைச் சுணை, சருகு எல்லாம் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அடைந்துகொள்ளும். முன்னால் இருக்கும் வலை சுத்தமாகத் தெரிந்தாலும், அதற்குப் பின்னால் ஒரு போர்வைபோலப் படிந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்த பிறகு, ஃபேன் இருக்கும் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி காற்றோ தண்ணீரோ அடியுங்கள். முன்பக்கமிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும். அதிக அழுத்தம் கொடுத்தால் தகடு மடங்கிவிடும். ரோட்டாவேட்டர் வேலை நடக்கும் நாட்களில் தினமும் இதைச் செய்ய வேண்டும்.

*ஃபேன் பெல்ட்:* எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் கனம் அளவு அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்குங்கள். பெல்ட் பளபளவென்று வழுக்கினாலோ, வெடித்திருந்தாலோ மாற்றுங்கள்.

*ரேடியேட்டர் மூடி:* இது வெறும் மூடி இல்லை. அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் மூடி போட்டு அழுத்தம் ஏறினால், சுமார் 118 டிகிரிவரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போய்விட்டால், 100 டிகிரியிலேயே கொதித்துப் பொங்கும். மூடியில் எழுதியிருக்கும் அழுத்த அளவு பார்த்து, அதே அளவு வாங்குங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. நீராவி பீறிட்டு முகம், கை வெந்துவிடும்.

*ஹோஸ் பைப்:* கீழ் ஹோஸ், வாட்டர் பாடி உறிஞ்சும் பக்கம் இருக்கிறது. பழைய ஹோஸ் நைந்துபோயிருந்தால், எஞ்சின் வேகமாக ஓடும்போது உறிஞ்சுதலில் சப்பிக்கொண்டு தண்ணீர்ப் பாதையை அடைக்கும். நின்றிருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொல்லி, கை வைக்காமல் தள்ளி நின்று பாருங்கள்.

*வாட்டர் பாடி:* இதன் அடியில் சின்னத் துவாரம் இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். அந்தத் துவாரத்தை எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய், நடுக்கொல்லையில் வாட்டர் பாடி பிடித்துக்கொள்ளும்.

*உள்ளே உப்பு:* போர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் லைனரைச் சுற்றியும், ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பக்கம் கடலோர உப்புத் தண்ணீர் என்றால், அரிப்பும் சேர்ந்துகொள்ளும். உப்புப் படிவம் சூட்டைக் கடத்தாது. மெல்லிய படிவமே லைனருக்குப் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். இதற்கு ரேடியேட்டர் பட்டறையில் கழற்றிக் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். எஞ்சின் பிளாக்கையும் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலுமினிய ரேடியேட்டர் என்றால் ஆசிட் ஊற்ற விடாதீர்கள், ஓட்டை விழுந்துவிடும்.

அடுப்படியிலேயே சோதிக்கலாம்

புதிதோ, பழையதோ, தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டின் வால்வு இடுக்கில் நூலின் நுனியைச் செருகி, அந்த நூலாலேயே அதைத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. 110 டிகிரிவரை காட்டும் தெர்மாமீட்டரையும் தொங்கவிடுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

மெல்லச் சூடாக்குங்கள். வால்வு திறக்கும் கணத்தில், நூலிலிருந்து நழுவித் தெர்மோஸ்டாட் கீழே விழும். அப்போது தெர்மாமீட்டர் காட்டும் எண், குத்தியிருக்கும் எண்ணுக்கு இரண்டு, மூன்று டிகிரி முன்பின் இருந்தால் நல்ல பொருள். தெர்மாமீட்டர் இல்லையா? தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்கவில்லை என்றால், அது செத்த தெர்மோஸ்டாட். பச்சைத் தண்ணீரிலேயே வாய் பிளந்திருந்தாலும் அதே கதைதான். வெளியே எடுத்து ஆறவிட்டதும் முழுதாக மூடிக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள்.

வெளிக் கம்பெனி தெர்மோஸ்டாட் வாங்கலாமா?

வாங்கலாம். வண்டிக் கம்பெனியின் பெட்டியில்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆனால், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நான்கு பொருத்தம் பாருங்கள். குத்தியிருக்கும் டிகிரி, வெளி வட்டத்தின் அளவு, உயரம், அடித்தட்டு உண்டா இல்லையா. அடித்தட்டு உள்ள இடத்தில் அடித்தட்டு இல்லாததைப் போட்டால், மேலே சொன்ன பைபாஸ் தொல்லை வரும். எண்ணே குத்தாத பொருளைத் தொடாதீர்கள். பில் வாங்குங்கள். 'அப்கிரேடு', 'ஹெவி டியூட்டி' என்ற அட்டைப்பெட்டி எழுத்தைவிட, அடுப்படிச் சோதனையை நம்புங்கள்.

மாட்டும்போது மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். தட்டில் சிறு ஆணி ஆடும் துவாரம் இருந்தால், அது மேல் பக்கம் வர வேண்டும். உள்ளே சிக்கிய காற்று வெளியேறும் வழி அது. கேஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள். தண்ணீர் நிரப்பும்போது மெல்ல ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, அளவு இறங்கினால் மீண்டும் நிரப்புங்கள்.

வாரண்டி உள்ள வண்டியில் வேறு டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால், பிறகு எஞ்சின் பழுதுக்கு வாரண்டி கேட்பது சிக்கலாகும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்திருக்கிறது. அந்த விதிப்படி வரும் வண்டிகளில் எவ்வளவு டீசல் பீச்ச வேண்டும் என்பதை, சூடு அளக்கும் சென்சாரையும் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. எஞ்சின் சூடாகவே இல்லை என்றால், அந்தக் கணக்கே குழம்பும்.

கூலண்ட் என்பது பனிக்காக மட்டும் இல்லை

'நம்ம ஊரில் தண்ணீர் உறையவா போகுது, கூலண்ட் எதற்கு?' என்று கேட்பார்கள். கூலண்டில் துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து இருக்கிறது. கொதிநிலையையும் கூட்டுகிறது. தண்ணீர் சூழ்ந்த லைனர்கள் எஞ்சின் ஓட்டத்தில் அதிர்வதால், அவற்றின் வெளிச்சுவரில் நுண்குமிழிகள் வெடித்து ஊசிக்குத்துபோல் குழி விழும். அதையும் இந்த மருந்து குறைக்கும். கெட்டிக் கூலண்ட் என்றால், டப்பாவில் சொன்ன அளவில், பெரும்பாலும் பாதிக்குப் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். போர் தண்ணீரில் கலந்தால் பாதிப் பலன் போச்சு. வெவ்வேறு வகைக் கூலண்டுகளை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

வீட்டில் உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். பெரும்பாலான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுத்துவிடும். வடித்த பழைய கூலண்டைத் தொட்டியிலோ, சட்டியிலோ திறந்து வைக்காதீர்கள். மாடு, ஆடு, நாய் நக்கிவிடும். குடிக்கும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், மூடி போட்ட கேனில் வையுங்கள்.

ஆலங்குடி வாசகர் செய்ய வேண்டியது

முதலில் ரேடியேட்டர் வெளிப்பக்கத்தைச் சுத்தம் செய்து, பெல்ட்டையும் மூடியையும் பாருங்கள். பிறகு ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே உப்பு எடுக்கக் கொடுங்கள். இத்தனை நாள் போர் தண்ணீர் ஓடியதால், இதுதான் முக்கியமான வேலையாக இருக்கும். அது திரும்பி வந்ததும், அடுப்படியில் சோதித்த 82 டிகிரி தெர்மோஸ்டாட்டை மாட்டி, கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். ஆயிலில் டீசல் கலந்திருக்க வாய்ப்பு உள்ளதால், எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். இந்த வரிசையில் செய்யுங்கள். உள்ளே அடைப்பு இருக்கும்போது தெர்மோஸ்டாட்டை மட்டும் மாட்டினால், மறுபடியும் முள் ஏறும், மறுபடியும் பழி அதன் மேல்தான் விழும்.

இத்தனையும் செய்தும் மதியத்தில் ஏறினால், ரோட்டாவேட்டரை எவ்வளவு ஆழம் போடுகிறீர்கள், எந்த கியரில் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். காய்ந்து இறுகிய செம்மண்ணில் ஒரே ஓட்டில் ஆழம் எடுக்க நினைப்பதைவிட, முதலில் ஒன்பது கொத்துக் கலப்பை போட்டுவிட்டு ரோட்டாவேட்டர் விடுவது எஞ்சினுக்கு இதம். மெக்கானிக் தம்பியைக் கோபிக்க வேண்டாம். புதுத் தெர்மோஸ்டாட்டோடு அவரிடமே போய், கொதிக்கும் தண்ணீரில் அது திறப்பதைக் காட்டுங்கள்.

வாசகர் கேள்விகள்

*''ரோட்டாவேட்டர் போடும்போது முள் சிவப்புக்குப் போனால், உடனே எஞ்சினை நிறுத்த வேண்டுமா?'' (விராலிமலை பகுதி வாசகர்)*

முதலில் ரோட்டாவேட்டரை நிறுத்திப் பாரத்தை எடுங்கள். ஆவி வரவில்லை, தண்ணீர் கொட்டவில்லை என்றால், சில நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். ஃபேனும் வாட்டர் பாடியும் ஓடினால் சூடு சீராக இறங்கும். முள் இறங்காமல் மேலும் ஏறினாலோ, ஆவி பீறிட்டாலோ, ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போய்விட்டாலோ உடனே நிறுத்திவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பிஸ்டனைப் பிடிக்கவைக்கும். கொதிக்கும் எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஹெட் வெடித்துவிடும். நன்றாக ஆறிய பிறகு, துணி வைத்து மூடியை மெல்லத் திருகி, அழுத்தத்தை விட்டுவிட்டுத் திறங்கள்.

*''தெர்மோஸ்டாட்டைக் கழற்றாமல், அதில் நான்கைந்து ஓட்டை போட்டு மாட்டச் சொல்கிறார்களே?'' (கறம்பக்குடி பகுதி வாசகர்)*

கம்பெனியே போட்டிருக்கும் ஆணித் துவாரம் காற்று வெளியேற மட்டும்தான். அதற்கு மேல் ஓட்டை போட்டால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தண்ணீர் ரேடியேட்டருக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். மடைப்பலகையில் ஓட்டை போட்டுவிட்டு மூடிவைப்பதுபோலத்தான். பாதி கழற்றியதற்குச் சமம்.

*''என்னிடம் டிராக்டர் இல்லை. கிணற்றில் பழைய டீசல் எஞ்சின் பம்ப்செட் ஓடுகிறது. அதில் தெர்மோஸ்டாட்டே இல்லையே?'' (அறந்தாங்கி பகுதி வாசகர்)*

பல பழைய பம்ப்செட் எஞ்சின்களில், பம்ப் இறைக்கும் தண்ணீரிலிருந்தே ஒரு சிறு குழாய் பிரித்து எஞ்சின் வழியாக ஓடவிட்டிருப்பார்கள். அங்கே தெர்மோஸ்டாட் வேலையைச் செய்ய வேண்டியது உங்கள் கைதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர்போல ஜில்லென்று இருந்தால், எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்கிறது, டீசல் வீணாகிறது. எஞ்சினுக்குள் போகும் குழாயில் ஒரு வால்வு போட்டு, வெளியேறும் தண்ணீர் 60 முதல் 70 டிகிரி இருக்கும்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. அந்தத் தண்ணீர் கையைச் சுடும், கவனம். வால்வை ஒருபோதும் முழுதாக மூடிவிடாதீர்கள். தண்ணீர் வருகிறதா என்பதை அடிக்கடி பாருங்கள். ஃபுட்வால்வு காற்று வாங்கிப் பம்ப் தண்ணீர் எடுக்காமல் போனால், எஞ்சினுக்கும் தண்ணீர் நின்றுவிடும். ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டாம்.